மூன்றாம் அத்தியாயம்: தமிழ்வழியே ஸ்வீடிஷ் இலக்கணம்

மேச்சேரியிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பிறந்து, சேலத்திலோ கோயம்புத்தூரிலோ பொறியியல் முதலிய கலைகளைப் பயின்று, மேற்படிப்பின் நிமித்தமாகவோ உத்தியோகத்தின் நிமித்தமாகவோ ஸ்வீடன் தேசத்துக்குச் செல்லக் கருதும் இளைஞர்கள், அந்நாட்டு மொழியைக் கற்க முற்படும்பொழுது, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இலக்கண நூல் ஒன்றைக் கையிலெடுத்து, ஸ்வீடிஷ் வாக்கியத்தை முதலில் ஆங்கிலமாக்கி, அந்த ஆங்கிலத்தை மறுபடியும் தமிழாக்கிப் பொருள் காண்பதையே வழக்கமாகக் கொண்டிருக்கிறார்கள். ஸ்வீடிஷும் ஆங்கிலமும் ஜெர்மானியக் குடும்பத்தில் பிறந்த மொழிகளாதலால், சொற்களை அறிந்துகொள்வதற்கு அவ்வழி பெரிதும் உதவும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், இலக்கணத்தைப் பொறுத்தவரை, ஆங்கிலத்தில் இல்லாததும் தமிழில் இருப்பதுமான சில நுட்பங்கள் ஸ்வீடிஷில் இருக்கின்றன என்பதையும், அவ்விடங்களில் தாய்மொழியிலிருந்து நேரே செல்பவனுக்குப் பாதி வேலை முன்னமே முடிந்திருக்கிறது என்பதையும் எடுத்துக்காட்டுவதே இவ்வத்தியாயத்தின் நோக்கம். தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே கைவிடும் இடங்களும் உண்டு. அங்கே அப்பியாசம் ஒன்றே துணை.

இவ்விரு மொழிகளுக்கும் உள்ள சம்பந்தம் இன்று தோன்றியதன்று. 1919-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு 1921-இல் முதற் பேராயராக அமர்ந்த எர்ன்ஸ்ட் ஹெய்மன் ஸ்வீடன் நாட்டவர். 1934 முதல் 1956 வரை அப்பதவியில் இருந்த யொஹான்னஸ் சாண்டெகிரனும் ஸ்வீடிஷ் குடும்பத்தைச் சேர்ந்தவரே. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரில் உள்ள ஸ்வீடிஷ் மிஷன் மருத்துவமனை இன்றும் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. தமிழ்நாட்டுக்கு வந்த அந்நாட்டவர் நம்முடைய வேற்றுமை உருபுகளையும் வினைமுற்று விகுதிகளையும் அரிதின் முயன்று கற்றார்கள். நம்மவர் கற்க வேண்டிய ஸ்வீடிஷ் இலக்கணமோ அவர்கள் கற்ற தமிழ் இலக்கணத்தைக் காட்டிலும் அளவில் மிகச் சிறியது. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் பேசுகின்ற அம்மொழி, ஸ்வீடனில் 2009-ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்தினால் பிரதான மொழியாக உறுதி செய்யப்பட்டிருப்பதோடு, பின்லாந்திலும் தேசிய மொழிகள் இரண்டனுள் ஒன்றாக விளங்குகிறது.

முதலில் உச்சாரணம். குறிலும் நெடிலும் பொருளை வேறுபடுத்தும் என்பதைப் பள்ளிப் பருவத்திலேயே அறிந்த தமிழனுக்கு, ஸ்வீடிஷ் உயிரொலிகளின் அளவைப் பற்றித் தனியே பாடம் சொல்ல வேண்டியதில்லை. ‘தாக்’ என்று நீட்டினால் கூரை. ‘தக்’ என்று உயிரைக் குறுக்கிக் ககர மெய்யை அழுத்தினால் நன்றி. அழுத்தம் பெறும் அசையில் உயிர் நீண்டால் அடுத்த மெய் குறுகும், உயிர் குறுகினால் அடுத்த மெய் நீளும் என்பதே விதி. பாடு என்பதற்கும் பட்டு என்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் செவியால் உணர்பவனுக்கு இது புதிதன்று.

இதைக் காட்டிலும் வியப்புத் தருவது நாவளை ஒலிகளின் விஷயம். ஸ்டாக்ஹோம் முதலிய மத்தியப் பகுதிகளில் வழங்கும் பேச்சில், ரகரத்தை அடுத்து தகரமோ நகரமோ லகரமோ வருமாயின், இரண்டும் தனித்தனியே ஒலியாமல் ஒன்றாய்க் கலந்து, நாம் ட, ண, ள என்று ஒலிக்கின்ற அதே ஒலிகளாக மாறிவிடுகின்றன. ஸகரம் வந்தால் அது ஷகரமாகிறது. குழந்தையைக் குறிக்கும் சொல்லை ‘பார்ன்’ என்று எழுதுவார்கள், ‘பாண்’ என்று சொல்லுவார்கள். கார்ல் என்னும் பெயர் ‘காள்’ என்று ஒலிக்கும். மேலைநாட்டு மாணாக்கர் பலர் பன்முறை முயன்றும் எளிதில் கைவராத இவ்வொலிகள் நம் நாவில் பிறந்த நாள் முதல் குடியிருப்பவை. தென்பகுதியாகிய ஸ்கோனே நாட்டுப் பேச்சிலும் பின்லாந்து ஸ்வீடிஷிலும் இம்மாற்றம் பொதுவாக இல்லை என்பதை மட்டும் நினைவிற்கொள்க. இங்கே ஸ்வீடிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருவது தொடக்கநிலைக்குரிய ஏற்பாடே. ப, த, க என்னும் எழுத்துகள் வல்லோசையையும் மெல்லோசையையும் பிரித்துக் காட்டமாட்டாவாதலால், ஒவ்வொரு சொல்லையும் அந்நாட்டார் வாயிலிருந்து ஒலிப்பதிவின் மூலமாவது ஒருமுறை கேட்டுத் திருத்திக்கொள்வது அவசியம்.

இனிப் பெயர்ச்சொல்லுக்கு வருவோம். மேச்சேரியின் பெயரை நாடெங்கும் அறியச் செய்தவை பத்திரகாளியம்மன் கோயிலும், தோலின் தரத்துக்குப் பேர்போன மேச்சேரிச் செம்மறியாடுமே ஆதலால், உதாரணங்களையும் ஆடுகளைக்கொண்டே அமைப்போம். வெள்ளாட்டுக்கு ஸ்வீடிஷில் ‘யேத்’ என்று பெயர், செம்மறிக்கு ‘ஃபோர்’. ஒரு வெள்ளாடு என்பதற்கு ‘என் யேத்’ என்றும், ஒரு செம்மறி என்பதற்கு ‘எத் ஃபோர்’ என்றும் சொல்ல வேண்டும். ‘என்’, ‘எத்’ என்னும் இவ்விரண்டும் ஒன்று என்ற பொருளையே தருவன. ஆனால் எந்தப் பெயருக்கு எது முன்னே வரும் என்பது அந்தப் பெயரோடு பிறந்த குணம். நம் இலக்கணத்தில் உயர்திணை, அஃறிணை என்ற பாகுபாடு பொருளை நோக்கி அமைந்தது. பகுத்தறிவுடைய மக்கள் ஒருபுறம், ஏனையவை மற்றொருபுறம். ஸ்வீடிஷ் பாகுபாடோ பொருளை நோக்குவதன்று, சொல்லை நோக்குவது. இரண்டு ஆடுகளும் ஒரே பட்டியில் நின்றாலும் ஒன்று ‘என்’ வகை, மற்றது ‘எத்’ வகை. குழந்தையாகிய ‘பாண்’ கூட ‘எத்’ வகையே. முற்காலத்தில் ஆண்பால், பெண்பால், அலிப்பால் என மூன்றாக இருந்ததில் முதலிரண்டும் ஒன்றாய்க் கலந்தமையால், இன்று நான்கு பெயர்களில் மூன்றேனும் ‘என்’ வகையாகவே இருக்கக் காண்கிறோம். ஆகவே, ஐயம் நேர்ந்த இடத்தில் ‘என்’ என்று சொல்லிவிடுவது தவறுகளைக் குறைக்கும். எனினும் ஒவ்வொரு பெயரையும் அதன் ‘என்’ அல்லது ‘எத்’ உடனேயே மனனம் செய்வதுதான் நேரான மார்க்கம்.

இவ்வாறு மனனம் செய்வதன் பயன் அடுத்த படியிலேயே விளங்கும். முன்னமே அறிந்த ஒரு பொருளைச் சுட்டும்போது ஆங்கிலம் பெயருக்கு முன்னால் தனிச்சொல் ஒன்றை வைக்கிறது. ஸ்வீடிஷோ பெயரின் இறுதியில் விகுதியைச் சேர்க்கிறது. ‘யேத்’ என்பது ‘யேத்தென்’ ஆகிறது. ‘ஃபோர்’ என்பது ‘ஃபோரெத்’ ஆகிறது. முன்னே நின்ற ‘என்’னும் ‘எத்’தும் பின்னே சென்று ஒட்டிக்கொண்டன என்று கருதினால் போதும். ஆட்டை, ஆட்டுக்கு, ஆட்டின் என்று எல்லாவற்றையும் சொல்லின் ஈற்றிலேயே சேர்த்துப் பழகிய தமிழ் நாவுக்கு இம்முறை இயல்பாகவே அமைந்துவிடும்.

பன்மை சிறிது சிரமம் தருவது. ‘யேத்’ பன்மையில் ‘யெத்தெர்’ ஆகும், உயிர் குறுகி மெய் இரட்டிப்பதைக் கவனிக்க. அந்த வெள்ளாடுகள் என்பதற்கு ‘யெத்தெர்னா’ என்று எழுத்தமைதி இருப்பினும் பேச்சில் ‘யெத்தெணா’ என்றே கேட்கும். ‘ஃபோர்’ பன்மையிலும் ‘ஃபோர்’ தான். மெய்யில் முடியும் ‘எத்’ வகைச் சொற்கள் பெரும்பாலும் இவ்வாறு மாறாமலே நிற்கும். அந்தச் செம்மறிகள் என்னும்போது ‘ஃபோரென்’. சிறுமி ‘ஃப்ளிக்கா’, சிறுமியர் ‘ஃப்ளிக்குர்’. சிறுவன் ‘பொய்க்கெ’, சிறுவர் ‘பொய்க்கர்’. ஆப்பிள் ‘எப்லெ’, பன்மை ‘எப்லென்’. பன்மை ஈறுகள் ஐந்து என்று இலக்கண நூல்கள் அட்டவணை இடும். அந்த அட்டவணையை முதல் மாதத்திலேயே உருப்போட வேண்டாம் என்பது என் துணிபு. அன்றாடம் பயிலும் சொற்களின் பன்மையைச் சொல்லோடு சொல்லாகக் கற்றுவந்தால், ஐந்து வகைகளும் தாமே மனத்தில் ஒழுங்குபட்டுவிடும்.

பெரிய என்னும் பெயரடை தமிழில் எதனோடு சேர்ந்தாலும் மாறாது, ஸ்வீடிஷில் மாறும். பெரிய வெள்ளாடு ஒன்று ‘என் ஸ்தூர் யேத்’. பெரிய செம்மறி ஒன்று ‘எத் ஸ்துட் ஃபோர்’. பெரிய வெள்ளாடுகள் ‘ஸ்தூரா யெத்தெர்’. அந்தப் பெரிய வெள்ளாடு என்று சுட்டும்போது மட்டும், பெயரின் ஈற்று விகுதியோடு முன்னாலும் ஒரு சுட்டுச்சொல் சேர்ந்து, ‘தென் ஸ்தூரா யேத்தென்’ என இருபுறமும் குறிகள் அமையும். ஒரு பொருளுக்கு இரண்டு அடையாளங்கள் எதற்கு என்று வினவுவதில் பயனில்லை. மொழியின் வழக்கு அது.

வினைச்சொல்லில் நமக்குப் பேரனுகூலம் காத்திருக்கிறது. வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தது, வந்தனர் என்று திணை, பால், எண், இடம் அனைத்தையும் வினையின் ஈற்றில் காட்டும் பழக்கமுடைய நாம், ஸ்வீடிஷில் அவற்றுள் ஒன்றையேனும் காட்ட வேண்டியதில்லை. நான், நீ, அவள், நாங்கள் என யார் படித்தாலும் ‘லேஸெர்’ என்னும் ஒரே வடிவம் போதும். ஒருமைக்கும் பன்மைக்கும் வெவ்வேறு வினைவடிவங்கள் எழுத்துநடையில் நெடுங்காலம் நிலவின. செய்தி நிறுவனமாகிய டிடி 1945-ஆம் ஆண்டில் பன்மை வடிவங்களைக் கைவிட்டது முதலாக அவை விரைந்து மறைந்தன. பழைய நூல்களை வாசிக்க நேர்பவர் மட்டும் அவற்றைக் காண்பர். ஆனால் இவ்வனுகூலத்துக்கு ஒரு விலை உண்டு. வினையின் ஈறு செய்தவர் யார் என்பதைச் சொல்லாதாகையால், எழுவாயை விட்டுவிடுதல் கூடாது. ‘நாளை வருகிறேன்’ என்று நான் என்பதைச் சொல்லாமலே பேசும் நம் வழக்கத்தை அங்கே கொண்டுசென்றால் வாக்கியம் முடமாகும். ‘யாக்’ என்று எழுதி ‘யா’ என்று ஒலிக்கும் அந்தச் சொல் ஒவ்வொரு முறையும் வந்தே தீர வேண்டும்.

காலங்களைப் பொறுத்தவரை வினைகளை நான்கு வகுப்புகளாக்குவர். வகுப்புக்கொரு வினையை, மூலம், நிகழ்காலம், இறந்தகாலம், ‘ஹார்’ என்னும் துணைவினையோடு சேரும் வடிவம் என்ற வரிசையில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுக: பேசுதல், ‘தாலா, தாலர், தாலதெ, தாலத்’, படித்தல், ‘லேஸா, லேஸெர், லேஸ்தெ, லேஸ்த்’, வசித்தல், ‘பூ, பூர், புத்தெ, புத்’, எழுதுதல், ‘ஸ்க்ரீவா, ஸ்க்ரீவெர், ஸ்க்ரேவ், ஸ்க்ரீவித்’. புதிதாக மொழிக்குள் வரும் வினைகள் ஏறக்குறைய அனைத்தும் முதல் வகுப்பையே சேர்வதால், அதனை முதலில் வசமாக்கிக்கொள்ள வேண்டும். படித்துக்கொண்டிருக்கிறேன் என்பதற்கும் படிக்கிறேன் என்பதற்கும் பொதுவாக ‘யாக் லேஸெர்’ என்பதே போதும்.

நான்காம் வேற்றுமை முதலியவற்றில் நாம் சொல்லுகின்ற பலவற்றை ஸ்வீடிஷ் எழுவாயாக்கிச் சொல்லும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ‘எனக்குத் தமிழ் தெரியும்’ என்பது ‘யாக் கன் தமில்’, அதாவது நான் எழுவாய். ‘என்னிடம் இரண்டு செம்மறிகள் உள்ளன’ என்பதில் தமிழுக்கு ஆடுகள் எழுவாய். ஸ்வீடிஷில் ‘யாக் ஹார் த்வோ ஃபோர்’ என்று உடையவனே எழுவாய். உடைமையைக் குறிக்கும் இத்தகைய வினை தமிழில் இல்லை. ஆகவே இவ்வொரு விஷயத்தில் ஆங்கிலத்தை நினைத்துக்கொள்வது நலம்.

வாக்கியத்தில் சொற்கள் நிற்கும் முறைதான் ஸ்வீடிஷ் இலக்கணத்தின் உயிர்நிலை. தமிழில் பயனிலை இறுதியில் நிற்கும்; மற்றவை இடம் மாறினாலும் பெரும்பிழை இல்லை. ஆங்கிலத்தில் எழுவாயும் அதனையடுத்துப் பயனிலையும் நிற்கும்; முன்னால் இன்று, நாளை என்று எது வந்தாலும் அவ்வரிசை கலையாது. ஸ்வீடிஷ் இவ்விரண்டினின்றும் வேறுபட்டு, தனிவாக்கியத்தில் முற்றுவினையை இரண்டாம் இடத்தில் நிறுத்துகிறது. ‘ஹுன் செல்யெர் யெத்தெர்’ என்றால் அவள் வெள்ளாடுகள் விற்கிறாள். இன்று என்பதை முதலில் வைத்தால் ‘இ தாக் செல்யெர் ஹுன் யெத்தெர்’ ஆகும். மேச்சேரியில் என்பதை முதலில் வைத்தால் ‘இ மேச்சேரி செல்யெர் ஹுன் யெத்தெர்’ ஆகும். ‘செல்யெர்’ என்ற வினை தன் இடத்தைவிட்டு அசையவில்லை. எழுவாயாகிய ‘ஹுன்’ தான் விலகிப் பின்னே சென்றது. இரண்டாம் இடம் என்பது இரண்டாவது சொல் என்று பொருள்படாது. முன்னால் நிற்கும் பகுதி இரண்டு சொல்லாயினும் ஒரு முழுத் தொடராயினும் அதனை ஓர் இடமாகவே எண்ண வேண்டும். ‘நேர் ஹுன் கொம்மெர் லேஸெர் யாக்’: அவள் வரும்போது நான் படிக்கிறேன். இதில் ‘நேர் ஹுன் கொம்மெர்’ என்னும் முழுமையும் முதலிடம். ஆகவே ‘லேஸெர்’ உடனே வந்து, இரண்டு வினைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆங்கிலம் நன்கறிந்தவர்களே இவ்விடத்தில் அதிகம் தடுமாறுகிறார்கள். ஆம், இல்லை என்று விடை வேண்டும் வினாவாக்கியத்தில் வினை முதலிடத்துக்கு ஏறும்: ‘கொம்மெர் ஹுன்?’ என்றால் அவள் வருகிறாளா?

எதிர்மறைக்கு ‘இந்தெ’ என்ற ஒரு சொல் உண்டு. தனிவாக்கியத்தில் அது வினைக்குப் பின்னே வரும்: ‘ஹுன் கொம்மெர் இந்தெ’. அதே வாக்கியம் வேறொன்றனுள் அடங்கும்போது வினைக்கு முன்னே தாவிவிடும்: ‘யாக் வேத் அத் ஹுன் இந்தெ கொம்மெர்’, அதாவது அவள் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். இவ்விரண்டு வாக்கியங்களையும் ஜோடியாகவே மனத்தில் இருத்துக.

ஆங்கில வழியைவிடத் தமிழ்வழி சிறந்தது என்று நான் கூறுவதற்குத் தலையாய சான்று, தன் என்னும் நம் சொல்லுக்கு நேரான ஒன்று ஸ்வீடிஷில் இருப்பதே. ‘அவன் தன் வெள்ளாட்டை விற்கிறான்’ என்றால் ஆடு விற்பவனுடையது. ‘அவன் அவனுடைய வெள்ளாட்டை விற்கிறான்’ என்றால் வேறொருவனுடையதாகலாம் என்ற ஐயம் எழும். ஆங்கிலம் இவ்விரண்டுக்கும் ஒரே சொல்லை வழங்கி வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. ஸ்வீடிஷில் ‘ஹன் செல்யெர் ஸின் யேத்’ என்றால் தன் ஆடு, ‘ஹன் செல்யெர் ஹன்ஸ் யேத்’ என்றால் பிறன் ஆடு. சந்தையில் இவ்வேறுபாடு எவ்வளவு முக்கியமானது என்பதை மேச்சேரியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உடைமைப்பொருள் ‘எத்’ வகையானால் ‘ஸித்’, பன்மையானால் ‘ஸீனா’. ஒரேயோர் எச்சரிக்கை: ‘அவனும் தன் தம்பியும் வந்தார்கள்’ என்று தமிழில் சொல்லலாம், ஸ்வீடிஷிலோ எழுவாய்க்குள்ளே ‘ஸின்’ வருதல் ஆகாது, ‘ஹன் ஓ ஹன்ஸ் ப்ரூர்’ என்றே சொல்ல வேண்டும்.

உறவுப்பெயர்களிலும் இத்தகைய அணுக்கம் உண்டு. தந்தைவழிப் பாட்டனும் தாய்வழிப் பாட்டனும் ஆங்கிலத்தில் ஒரே பெயர் பெறுவர். கொங்குப் பக்கத்தில் அப்பாரு வேறு, அப்புச்சி வேறு. ஸ்வீடிஷிலும் ‘ஃபர்ஃபர்’ வேறு, ‘முர்ஃபர்’ வேறு. அத்தைக்கு ‘ஃபஸ்தெர்’, தாயின் உடன்பிறந்தாளுக்கு ‘முஸ்தெர்’, தாய்மாமனுக்கு ‘முர்ப்ருர்’. மூத்தவர், இளையவர் என்ற பாகுபாட்டை மட்டும் அவர்கள் காட்டுவதில்லை.

மரியாதைப் பன்மை குறித்து ஒன்று சொல்லியாக வேண்டும். சிறு பிள்ளையையும் ‘வாங்க’ என்றழைக்கும் நம் பகுதியினருக்கு, பேராசிரியரையும் மேலதிகாரியையும் ‘த்யூ’, அதாவது நீ என்று விளிப்பது மனத்துக்கு ஒவ்வாததாகத் தோன்றும். 1960-களுக்கு முன் அங்கும் பட்டத்தையும் பதவியையும் சொல்லிப் படர்க்கையில் பேசும் வழக்கமே ஓங்கியிருந்தது. 1967-இல் அந்நாட்டு மருத்துவ நிர்வாகத்தின் தலைமையை ஏற்ற ப்ரூர் ரெக்ஸெட், தம் அலுவலகத்தினர் அனைவரையும் ‘த்யூ’ என்றே அழைக்கப்போவதாக அறிவித்தது அம்மாறுதலின் அடையாளமாயிற்று. இன்று ‘த்யூ’ என்பதில் அவமதிப்பு ஏதுமில்லை. பன்மையாகிய ‘நீ’ என்பதை ஒருவரை நோக்கி வழங்கினால் சிலர் அதனை விலகலாகக் கொள்வர்; அச்சொல்லின் ஒலி நம் ஒருமைச் சொல்லாகவே இருப்பதால் குழப்பம் நேராமல் பார்த்துக்கொள்க.

பழகும் முறை இதுவே: நாள்தோறும் வீட்டையும் சந்தையையும் பற்றிய சில வாக்கியங்களை எழுதி, ஒவ்வொன்றையும் காலம், இடம், எழுவாய் என முதற்பகுதியை மாற்றி மாற்றித் திரும்ப எழுதி, வினை இரண்டாம் இடத்தில் நிற்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். ஓரளவு தேறியபின், 1984 முதல் எளிய ஸ்வீடிஷில் வெளிவரும், ‘எட்டுப் பக்கங்கள்’ எனப் பொருள்படும் பெயர்கொண்ட செய்தித்தாளை வாசிக்கத் தொடங்கலாம். ஸ்வீடனில் குடியேறியவர்க்கு அந்நாட்டு நகராட்சிகள் கட்டணமின்றி நடத்தும் மொழி வகுப்புகளில் சேரும்போது, இவ்வளவேனும் அறிந்து சேர்பவர் விரைந்து முன்னேறுவர்.

இப்பொழுது இவற்றை ஸ்வீடிஷில் எழுதிப் பார்க்க: மேட்டூர் மேச்சேரிக்கு அருகில் உள்ளது, இன்று அவன் தன் செம்மறியை விற்கிறான், அவள் வரும்போது அவன் தன் பெரிய வெள்ளாட்டை விற்கிறான். முதலாவதற்கு, ஊர்கள் கிடப்பதாகச் சொல்வது அவர்கள் வழக்காதலால், ‘மேட்டூர் லிக்கெர் நேரா மேச்சேரி’ என்பது விடை. இரண்டாவதற்கு ‘இ தாக் செல்யெர் ஹன் ஸித் ஃபோர்’. மூன்றாவதற்கு ‘நேர் ஹுன் கொம்மெர் செல்யெர் ஹன் ஸின் ஸ்தூரா யேத்’. இதில் ‘ஸ்தூரா’ என்று பெயரடை சுட்டுவடிவம் பெற்றிருந்தும், ‘ஸின்’ முன்னால் நிற்பதால் பெயர் ‘யேத்தென்’ என்று விகுதி பெறவில்லை என்பதைக் கவனித்து, ‘ஸின்’ இருந்த இடத்தில் ‘தென்’ வைத்து அதே வாக்கியத்தை மீண்டும் எழுதுக.